பிளாட்பெட்டில் கனரகச் சரக்கு: அழுத்திக் கட்டுவதா, இழுத்துக் கட்டுவதா, முட்டுக்கொடுப்பதா

கனமான சரக்கு ஒன்று பிளாட்பெட் டிரெய்லரில், அதாவது பக்கச்சுவர் இல்லாத தட்டைத் தள வண்டியில், ஏறியதும் எழும் முதல் கேள்வி, செயின் போடுவதா பெல்ட் போடுவதா என்பதுதான். அதை இரண்டாவதாகக் கேட்பது நல்லது. பாரத்தை எது பிடித்து நிறுத்தப்போகிறது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். வழிகள் மூன்று. மேலே பெல்ட்டைப் போட்டுத் தளத்தோடு அழுத்தி, உராய்வால் நிறுத்தலாம். பாரத்தின் உடம்பிலிருந்து வண்டிச் சட்டத்துக்கு நேராக இழுத்துக் கட்டலாம். முன்னும் பக்கமும் முட்டுக்கொடுத்து, நகர இடமே இல்லாமல் செய்யலாம். ஒரே பெல்ட் முதல் வழியில் செய்யும் வேலைக்கும் இரண்டாவது வழியில் செய்யும் வேலைக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும்.

எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும்? ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 12195-1, சரக்கு எடையில் முன்னோக்கி 0.8 பங்கு, பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு என்று வைக்கிறது. அமெரிக்கக் கூட்டரசு விதிகளும் இதே அளவுகளைத்தான் சொல்கின்றன. அதாவது 10 டன் பாரம் அவசர பிரேக்கில் 8 டன் விசையோடு கேபினை நோக்கி வரும். வளைவில் 5 டன் விசையோடு வெளியே சாயும்.

"இவ்வளவு கனம், இது எங்கே நகரப்போகிறது" என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. எடை இரட்டித்தால் தளத்தோடு உள்ள உராய்வு இரட்டிக்கும் என்பது உண்மைதான். பிரேக் பிடிக்கும்போது முன்னே தள்ளும் விசையும் கூடவே இரட்டிக்கும். ஆகவே 2 டன் பெட்டி எந்த பிரேக்கில் வழுக்குமோ, அதே பிரேக்கில் 20 டன் பெட்டியும் வழுக்கும். கனம் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை.

மேலிருந்து அழுத்திக் கட்டுவது

அதிகம் கையாளப்படுவதும், அதிகம் தவறாகக் கணக்கிடப்படுவதும் இந்த முறைதான். 50 மி.மீ. ரேட்செட் பெல்ட்டின் (பற்சக்கரப் பூட்டால் இறுக்கும் பெல்ட்) லேபிளில் எல்.சி., அதாவது கட்டும் திறன், 2500 டெகாநியூட்டன் என்று இருக்கும். நடைமுறையில் அதை இரண்டரை டன் என்று எடுத்துக்கொள்ளலாம். நாலு பெல்ட் போட்டால் பத்து டன் ஆயிற்று என்று கூட்டுவார்கள். அந்த எண், பெல்ட் நேராக இழுபடும்போது தாங்கக்கூடிய அளவு. மேலே போட்டு அழுத்தும்போது கணக்கில் வருவது அதே லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் எஸ்.டி.எஃப். என்ற எண். கைப்பிடியில் 50 கிலோ விசை கொடுத்து இறுக்கினால் பெல்ட்டில் எவ்வளவு இழுவிசை தங்கும் என்பதை அது சொல்கிறது. சாதாரண ரேட்செட்டில் இது 250 முதல் 400 வரை. கீழ்நோக்கி இழுக்கும் நீளக் கைப்பிடி உள்ளவற்றில் 500-ம் அதற்கு மேலும் கிடைக்கும். பெல்ட் இரண்டரை டன் தாங்கும், ஆனால் சாதாரண ரேட்செட்டில் நம் கை கொடுத்தது அரை டன்கூட இல்லை.

மரத்தளத்தில் இரும்பு அடி கொண்ட 10 டன் பாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழுவை, அதாவது அழுத்தும் எடையில் எத்தனை பங்கு உராய்வாகப் பிடிக்கும் என்ற எண்ணை, கொஞ்சம் கஞ்சத்தனமாக 0.3 என்று வைப்போம். பெல்ட் செங்குத்தாக இறங்குகிறது, எஸ்.டி.எஃப். 400. பாதுகாப்புக் காரணி 1.25 சேர்த்து, முன்னோக்கிய வழுக்கலை அழுத்தத்தால் மட்டும் தடுக்கக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 26 பெல்ட் வேண்டும். உராய்வு 0.2-ஆக இறங்கினால், அதாவது இரும்புத் தளத்தின் மேல் இரும்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் என்றால், நாற்பத்தைந்தைத் தாண்டும். டிரெய்லரில் அத்தனை பெல்ட் போட இடமே இருக்காது.

அதே பாரத்தின் அடியில் 8 அல்லது 10 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் மேட் வைத்தால் உராய்வு 0.6 ஆகிறது. தேவை ஆறு பெல்ட்டாகக் குறைகிறது. கட்டும் செலவில் இதற்கு இணையான லாபம் வேறு எதிலும் இல்லை. ஆனால் மேட் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும்; ஒரு மூலை நேராகத் தளத்தில் உட்கார்ந்தாலும் கணக்கு கெடும். அடுக்கி வைத்த சரக்கு என்றால் ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் மேட் வேண்டும், ஏனென்றால் எந்த இடைவெளியில் உராய்வு குறைவோ அங்கிருந்துதான் சரக்கு கழன்று போகும். எண்ணெய் தடவிய இரும்புத் தகடுகளை அடுக்கும்போது இதை மறந்தால், அடியில் உள்ள தகடு அப்படியே இருக்க, நடுவில் உள்ளவை மட்டும் சீட்டுக்கட்டு போல உருவிக்கொண்டு முன்னே வரும். தளத்தைப் பெருக்குவதும் இதோடு சேர்ந்த வேலை. மணலும் சரளைத் துகளும் பாரத்துக்கு அடியில் உருளைகளாக மாறிவிடும்.

கோணம் அடுத்தது. பெல்ட் தளத்தோடு 90 பாகையில் இறங்கினால் முழு அழுத்தம். 60 பாகையில் 13 சதவீதம் போய்விடும். 30 பாகையில் பாதிதான் மிஞ்சும். உயரம் குறைந்த, அகலமான சரக்கில் பெல்ட் படுத்துக்கொண்டு போகும். இறுகியிருப்பது போலக் கைக்குத் தெரியும், ஆனால் அழுத்துவது கொஞ்சம்தான். 35 பாகைக்குக் கீழே போகிறது என்றால் இந்த முறையைக் கைவிடலாம்.

ரேட்செட் இருக்கும் பக்கத்தில் கிடைக்கும் இழுவிசை, மூலைகளில் உரசி மறுபக்கம் போய்ச் சேரும்போது குறைந்திருக்கும். ஒரு பெல்ட்டின் ரேட்செட் இடப்பக்கம், அடுத்ததன் ரேட்செட் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். வழுவழுப்பான மூலைக்காப்பு வைத்தால் பெல்ட் வெட்டுப்படாமல் இருப்பதோடு இழுவிசை மறுபக்கம் கடப்பதும் எளிதாகும். ரேட்செட் அச்சில் இரண்டு முதல் மூன்று சுற்று வரை இருக்கட்டும். குறைந்தால் நழுவும், கூடினால் நெரிந்து பூட்டிக்கொள்ளும்.

நேராக இழுத்துக் கட்டுவது

இயந்திரம், டிரான்ஸ்ஃபார்மர், புல்டோசர் போல உறுதியான பிடிப்பு வளையங்கள் உள்ள சரக்குக்கு இதுதான் சரியான வழி. இங்கே இறுக்கம் எவ்வளவு என்பதைவிடச் செயினின் பலம் எவ்வளவு என்பதே முக்கியம். பாரம் நகர முயன்றால் செயினே இழுபட்டு நிறுத்தும். லேபிளில் உள்ள எல்.சி. எண் இங்கேதான் முழுமையாக வேலைக்கு வருகிறது.

20 டன் இயந்திரம், நான்கு மூலையிலும் குறுக்காக ஒவ்வொரு செயின். தளத்தோடு 30 பாகை, வண்டியின் நீளவாக்கோடு 30 பாகை. பிரேக் பிடிக்கும்போது பின்னோக்கி இழுக்கும் இரண்டு செயின்கள்தான் வேலை செய்யும். மற்ற இரண்டும் தளர்ந்து நிற்கும். முன்னே தள்ளுவது 16 டன். நேரடிக் கட்டில் உராய்வை முழுதாகக் கணக்கில் எடுக்காமல் முக்கால் பங்கு மட்டும் எடுப்பது தரநிலையின் முறை, 0.3-க்கு 0.225. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு செயினிலும் விழுவது ஏறக்குறைய 6.7 டன். கிரேடு 80 (கிரேடு என்பது எஃகின் பல வகுப்பு) கட்டும் செயினில் 8 மி.மீ. 4 டன்னுக்கும், 10 மி.மீ. 6.3 டன்னுக்கும், 13 மி.மீ. 10 டன்னுக்கும் தகுதி உள்ளவை. 10 மி.மீ. மயிரிழையில் போதாது, 13-க்குப் போக வேண்டும். அடியில் ரப்பர் மேட் வைத்துக் கணக்கை மறுபடி போட்டால் செயினுக்கு 3.6 டன்தான் வருகிறது, 8 மி.மீ. போதும். மீட்டருக்கு நாலு கிலோ எடையுள்ள செயினோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் நாலு துண்டு ரப்பர்.

அமெரிக்க முறையில் வேறு வழியில் போவார்கள். கட்டுகளின் வேலைச்சுமை வரம்புகளின் கூட்டுத்தொகை சரக்கு எடையில் பாதியாவது இருக்க வேண்டும். வண்டியிலிருந்து சரக்கின் வளையத்துக்குப் போகும் நேரடிக் கட்டுக்கு அதன் வரம்பில் பாதிதான் கணக்கு. அரை அங்குல கிரேடு 70 செயினின் வரம்பு 11,300 பவுண்டு, அதாவது சுமார் 5.1 டன். நான்கு போட்டால் பாதிக் கணக்கில் 10 டன்னைச் சற்றே தாண்டும். 20 டன் இயந்திரத்துக்குச் சரி. இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒரே தடிமனில் வந்து நிற்கின்றன. லேபிள்களை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்.சி. என்பது அறுபடும் விசையில் பாதி. அமெரிக்க வரம்பு பெல்ட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, கிரேடு 70 செயினுக்கு நாலில் ஒரு பங்கு. ஒரே பெல்ட்டுக்கு இரண்டு எண்கள் இருப்பது இதனால்தான்.

செயினைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் பார்க்கத் தவறுவது, டிரெய்லரின் வளையத்தை. கட்டுவளையங்களுக்கான தரநிலை ஈ.என். 12640-படி 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியின் சாதாரணக் கட்டுவளையம் ஒன்றுக்குத் தேவையான பலம் 20 கிலோநியூட்டன். இரண்டு டன் சொச்சம். அதில் 10 டன் செயினைக் கொக்கி போட்டால் உங்கள் கையில் இருப்பது இரண்டு டன் கட்டுதான். 20 டன் இயந்திரத்தைச் சாதாரண பிளாட்பெட்டில் நாலு மூலையில் கட்டி அனுப்ப முடியாததற்கு இதுவே காரணம். கனமான வளையங்கள் பொருத்திய லோ-பெட் (தாழ்தள டிரெய்லர்) வேண்டும், அல்லது முட்டுக்கொடுத்துப் பெரும் பங்கு விசையைச் சட்டத்துக்கே தள்ள வேண்டும், அல்லது வளையங்களின் எண்ணிக்கையைக் கூட்டி விசையைப் பிரிக்க வேண்டும். செயின், பைண்டர் (செயினை இறுக்கும் கருவி), ஷேக்கிள் (பின் போட்டு மூடும் இணைப்பு வளையம்), வண்டி வளையம், சரக்கின் வளையம் என்ற வரிசையில் எது மிகச் சின்ன எண்ணோ அதுதான் கட்டின் பலம்.

சரக்குப் பக்கத்தில் எங்கே கொக்கி போடுவது என்பதிலும் தவறு நடக்கிறது. ஹைட்ராலிக் சிலிண்டர், கைப்பிடிக் கம்பி, ஏணி ஆகியவை கட்டும் இடங்கள் அல்ல. எக்ஸ்கவேட்டரின் பக்கெட்டைத் தளத்தில் இறக்கி, பூமுக்கும் (அதன் நீண்ட கை) பக்கெட்டுக்கும் தனிக் கட்டுப் போட வேண்டும். நடுவில் மடங்கும் லோடரில் பூட்டுப் பின்னைச் செருகாமல் விட்டால், நாலு மூலையும் இறுகியிருந்தாலும் வளைவில் நடுப்பகுதி மடங்கும்; ஒரு பக்கச் செயின் தளரும், மறுபக்கம் அதிகமாக இழுபடும். டயர் உள்ள இயந்திரம் குதிக்கும்போதெல்லாம் செயின் தளர்ந்து இறுகும். அச்சில் கட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

முட்டுக்கொடுப்பது

மூன்றில் இதுவே மலிவானது, கையாளப்படுவது குறைவு. முன்பக்கத் தடுப்புப் பலகையோடு சரக்கு ஒட்டியிருந்தால், முன்னோக்கிய விசையில் பெரும்பங்கைத் தடுப்பே வாங்கிக்கொள்ளும். மேலே சொன்ன 10 டன் பாரத்தின் முன்பக்கம் முழுமையாக முட்டுக்கொடுத்துவிட்டால், பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். மேட் இல்லாமலே 26 பெல்ட் 9-ஆகக் குறையும். மேட்டும் இருந்தால் கணக்கில் வழுக்கலே இல்லை. குதிப்பைத் தடுக்க மட்டும் இரண்டு மூன்று பெல்ட் போதும்.

ஆனால் தடுப்புப் பலகைக்கும் ஓர் எல்லை உண்டு. வண்டி உடலின் பலத்துக்கான தரநிலை ஈ.என். 12642-இல் எல் வகை முன்தடுப்பு, ஏற்றும் திறனில் 40 சதவீதம் தாங்கும், அதிகபட்சம் 5000 டெகாநியூட்டன், எக்ஸ்.எல். வகைக்கு 50 சதவீதம், மேல்வரம்பு இல்லை. அச்சு எடைப் பங்கீட்டுக்காகச் சரக்கைப் பின்னே தள்ளி வைக்க நேர்ந்தால், முன்னே உள்ள இடைவெளியைச் சட்டகத்தாலோ பாலெட்டுகளாலோ நிரப்ப வேண்டும். அரை மீட்டர் இடைவெளியைச் சும்மா விட்டால் தடுப்பு சுத்தியலடி வாங்கும். அது முட்டு ஆகாது.

உருண்டையான சரக்குக்கு முட்டு இல்லாமல் வழியே இல்லை. இரும்புச் சுருளைத் தொட்டிலில் (இரு பக்கமும் ஆப்பு வைத்த தாங்கியில்) வைக்கும்போது அதன் இரு தோள்களும் ஆப்புச் சரிவில் உட்கார வேண்டும். அடிப்பாகம் தளத்தைத் தொடக் கூடாது, குறைந்தது 20 மி.மீ. இடைவெளி வேண்டும். தொட்டால் எடை தளத்தில் விழும். ஆப்பு வெறும் அலங்காரம் ஆகும். அடியில் வைக்கும் கட்டைகள் சதுரமாகவோ, அகலப்பக்கம் கீழே இருக்கும்படியோ வைக்கப்பட வேண்டும். குறுகிய பக்கத்தில் நிற்க வைத்த கட்டை பிரேக்கில் புரளும்; புரண்ட கணமே எல்லாப் பெல்ட்டும் தளர்ந்துவிடும்.

பெல்ட், செயின், வயர் ரோப்

வழி தீர்மானமான பிறகு பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிது. அழுத்திக் கட்டுவதற்குப் பெல்ட் நல்லது. பாலியெஸ்டர் பெல்ட் நீளும் தன்மையுள்ளது, எல்.சி. அளவுக்கு இழுத்தால் 7 சதவீதம் வரை நீளலாம். சரக்கு இரண்டு மி.மீ. அமர்ந்தாலும் அந்த நீட்சி இறுக்கத்தைக் காப்பாற்றும். செயின் நீளாது, அதனால் அதே இரண்டு மி.மீ. அமர்தலில் அதன் இறுக்கம் மொத்தமாகப் போய்விடும். நேரடிக் கட்டில் இதே குணங்கள் தலைகீழாகின்றன. 5 மீட்டர் பெல்ட் முழுப் பலத்துக்கு வருவதற்குள் 35 செ.மீ. நீளலாம், கனரக இயந்திரம் அவ்வளவு நகர்ந்தால் தளத்தின் ஓரத்தைத் தாண்டிவிடும். அங்கே செயின்தான்.

இரண்டையும் ஒரே சரக்கில், ஒரே திசை விசைக்கு எதிராகக் கலந்து போடுவதுதான் மோசம். விசை வந்ததும் நீளாத செயின் முழுவதையும் வாங்கும். பெல்ட் சும்மா தொங்கும். செயின் அறுந்தபிறகே பெல்ட்டுக்கு முறை வரும், அதற்குள் விசை அடியாக மாறியிருக்கும்.

பெல்ட்டின் எதிரி கூர்மூலை. வெட்டுவிளிம்புள்ள தகட்டில் காப்பில்லாமல் போட்ட பெல்ட் ஒரே பயணத்தில் அறுபடலாம். முடிச்சுப் போட்டால் பலம் பாதி வரை குறையும். நீல லேபிள் பாலியெஸ்டர், பச்சை பாலியமைட், பழுப்பு பாலிபுரோப்பிலீன். பாலியெஸ்டரைக் காரம் தின்னும். ஈர சிமென்ட் படிந்த பெல்ட்டைக் கழுவாமல் சுருட்டி வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். லேபிள் படிக்க முடியாத பெல்ட்டை எடுத்தெறிய வேண்டும், பலம் தெரியாத பொருளைக் கணக்கில் சேர்க்க முடியாது. சரக்குக்கும் தளத்துக்கும் இடையே காற்றில் நிற்கும் நீளத்தில் ஒரு முறுக்கு விட்டால் பெல்ட் காற்றில் படபடத்துத் தேயாது. சரக்கைத் தொடும் இடத்தில் மட்டும் தட்டையாக இருக்க வேண்டும்.

செயினில் பார்க்க வேண்டியவை வேறு. கண்ணிகள் முறுக்கில்லாமல் நேராக ஓட வேண்டும். கொக்கி நுனியில் அல்ல, வளைவின் அடியில் சுமை விழ வேண்டும். மூலையில் ஒரு கண்ணி மடங்கி நிற்கக் கூடாது. தடிமனில் 10 சதவீதம் தேய்ந்த கண்ணி, நீண்டு வளைந்த கண்ணி இருந்தால் அந்தச் செயின் கழிவு. அறுந்ததைப் போல்ட் நட்டால் சேர்த்து ஓட்டுவது, கிரேடு முத்திரை இல்லாத செயினை நம்புவது, இரண்டும் ஒரே ரகம்.

வயர் ரோப் வின்ச் பொருத்திய வண்டிகளில் இன்னும் இருக்கிறது. புதிதாக வாங்குவதற்கு அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதிகம் இல்லை. ஒருமுறை மடிந்து கோணலானால் அந்த இடம் திரும்ப நேராகாது. உள்ளே பிடித்த துரு வெளியே தெரியாது. அறுந்த இழைகள் கையைக் கிழிக்கும். கிளிப் போட்டால் அதன் மெத்தைப் பகுதி சுமை தாங்கும் கயிற்றின் மேலும், யு-போல்ட் வெட்டிய நுனிப்பக்கமும் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் சுமை தாங்கும் கயிறே நசுங்கும்.

செயினை இறுக்குவதில் நெம்புகோல் பைண்டரா, ரேட்செட் பைண்டரா என்ற தேர்வுக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. நெம்புகோல் வேகமானது, விலை குறைவு, அசையும் பாகம் குறைவு. அதன் கைப்பிடி இழுவிசையைத் தேக்கி வைத்திருக்கும். கழற்றும்போது திரும்ப அடித்துத் தாடையையும் கையையும் உடைக்கும். குழாய் செருகி நெம்பினால் ஆபத்து பன்மடங்கு, பைண்டரும் தாங்காது. ரேட்செட் பைண்டர் திருகால் படிப்படியாக இறுக்கிப் படிப்படியாகவே தளர்த்தும். கனரகத்துக்கு அதுவே. நேரம் ஒரு செயினுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூடுதல். திருகில் மணலும் துருவும் ஏறாமல் எண்ணெய் விட வேண்டும், அவ்வளவுதான்.

உயரமான சரக்கில் மேலே சொன்ன வழுக்கல் கணக்கு பாதிதான். ஈர்ப்பு மையத்தின் உயரம் அடியின் அகலத்தைவிட அதிகமானால், 0.5 பக்க விசையில் அது கவிழும். அங்கே ரப்பர் மேட்டால் பயனில்லை. அடி நன்றாகப் பிடித்திருப்பதால் வழுக்க வேண்டியது சாய ஆரம்பிக்கும். இப்படிப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கும் நிமிர்ந்து நிற்கும் தொட்டிக்கும் மேற்பகுதியிலிருந்து இரு பக்கமும் நேரடிக் கட்டு வேண்டும், அல்லது படுக்க வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

எந்த வழியில் கட்டினாலும் கிளம்பிய பின் சரக்கு அமரும். அமெரிக்க விதி முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கி.மீ.க்குள், நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. அதன்பின் 150 மைல் அல்லது மூன்று மணி நேரம், எது முந்தியதோ அப்போது. செயின் போட்ட வண்டிக்கு முதல் நிறுத்தத்தை இன்னும் சீக்கிரம், ஊரைத் தாண்டிய முதல் பாதுகாப்பான இடத்திலேயே வைக்கலாம். பெல்ட் தளர்ந்தால் பார்வைக்கே தெரியும். செயின் அப்படியல்ல, தொங்காமலே இறுக்கத்தை இழந்திருக்கும். கையால் ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும்.